ஜெர்மனியில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கலாமா?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்திருக்கிறேன். ஜெர்மனியின் மக்டெபுர்க் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. அதே ஊருக்கு வரும் இன்னும் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்து, வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருக்கும் பிளாக்டு அக்கவுன்டிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். சேர்ந்து இருந்தால் உண்மையிலேயே எவ்வளவு மிச்சமாகும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சேர்ந்து வாழ்ந்தால் மிச்சமாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்து இறங்கிய முதல் வருடமே நாலு பேரும் சேர்ந்து ஒரு காலி வீட்டை வாடகைக்கு எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வருடம் மாணவர் விடுதியின் பகிர்வு வீட்டில் ஆளுக்கு ஓர் அறை எடுங்கள். ஊரும் ஆட்களும் பிடிபட்ட பிறகு, இரண்டாம் வருடம் வெளியில் வீடு பாருங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அறைக் கணக்கு. ஜெர்மனியில் ‘3 அறை வீடு’ என்றால் ஹாலையும் சேர்த்து மூன்று. சமையலறை, குளியலறை கணக்கில் வராது. நம் ஊர்ப் பேச்சில் அது 2 பெட்ரூம் வீடு. ஆளுக்கு ஓர் அறை வேண்டுமானால் நீங்கள் தேட வேண்டியது 4 அறை வீடு. ‘3 அறையிலேயே சமாளித்துக்கொள்ளலாம், ஒருவர் பெயரை மட்டும் காட்டிவிட்டு மற்றவர்கள் சும்மா இருந்துகொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட சான்று வேண்டும். வரி எண், விசா நீட்டிப்பு எல்லாம் இந்தப் பதிவிலிருந்துதான் தொடங்குகின்றன. ‘அன்மெல்டுங் கிடையாது, வாடகை மட்டும் குறைவு’ என்று வரும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இனி பணம். கீழே இருப்பவை உதாரணத் தொகைகள். நீங்கள் பார்க்கும் வீட்டின் தொகைகளைப் போட்டு இதே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

90 சதுர மீட்டரில் ஒரு 4 அறை வீடு. வெறும் வாடகை, அதாவது கால்ட்மீட்டெ, 630 யூரோ. ஹீட்டர், தண்ணீர், குப்பை போன்றவற்றுக்கு மாத முன்பணம் 270. இரண்டும் சேர்ந்த வார்ம்மீட்டெ 900. விளம்பரத்தில் எந்தத் தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் ஏமாறுபவர்கள் நிறைய. எப்போதும் வார்ம்மீட்டெயைக் கேளுங்கள். மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதிலும் சேராது. மின்சாரத்துக்கு 110, இன்டர்நெட்டுக்கு 40, வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் 18.36 என்று வைத்தால் மொத்தம் 1,068.36 யூரோ. நாலில் ஒரு பங்கு 267. தனியாக ஓர் அறை வீடு எடுத்தால் இதே செலவுகளெல்லாம் சேர்த்து 468 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 201 யூரோ மிச்சம், வருடத்துக்கு 2,400-க்கு மேல்.

இந்த இடத்தில்தான் பலரும் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஜெர்மனியில் காலி வீடு என்றால் உண்மையிலேயே காலி. பல வீடுகளில் அடுப்பு இருக்காது, சிங்க் இருக்காது, சமையலறை அலமாரி இருக்காது, கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு ஒயர் தொங்கும். முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அல்லது அதை உங்களுக்கு ஒரு விலைக்கு விற்றுவிட்டுப் போவார். பழைய சாமானாகவே வாங்கினாலும் சமையலறை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் சேர்த்து 1,200 யூரோ என்று வையுங்கள், ஆளுக்கு 300. கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, விளக்கு என்று இன்னொரு 350. முதல் வருடம் உங்கள் பங்கு 3,205-உம் 650-உம் சேர்த்து 3,855 ஆகிறது. சாமான்களோடு எல்லாம் உள்ளடங்கிய விடுதி அறை மாதம் 280 என்றால் வருடத்துக்கு 3,360. விடுதி 495 யூரோ மலிவு. இரண்டாம் வருடம் சாமான் செலவு இல்லாததால் கணக்கு வீட்டின் பக்கம் சாயும். நான் சொன்ன வரிசைக்கு இதுதான் முதல் காரணம்.

அட்வான்ஸ் இதில் சேரவில்லை. சட்டப்படி அது மூன்று மாத கால்ட்மீட்டெக்கு மேல் போகக் கூடாது. மேலே சொன்ன வீட்டுக்கு 1,890 வரை, ஆளுக்கு 472.50. திரும்ப வரும் பணம்தான், ஆனால் வந்திறங்கிய மாதத்தில் கையிலிருந்து போகும். அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. வீட்டுக்காரர் தானாக இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கையெழுத்து. சேர்ந்து வாழும் வீட்டை இங்கே வேகே என்பார்கள். அதில் ஒப்பந்தம் மூன்று விதமாக அமையும், மூன்றிலும் உங்கள் பொறுப்பு வேறு வேறு.

நாலு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், உங்கள் கடமை கால் பங்கு வாடகை அல்ல; முழு வாடகையும் நாலு பேர் மீதும் இருக்கிறது. ஒருவர் கட்டாவிட்டால் வீட்டுக்காரர் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். அடுத்தடுத்து இரண்டு மாத வாடகை நின்றுபோனால் அவகாசம் கொடுக்காமலே ஒப்பந்தத்தை முறிக்க அவருக்கு உரிமை உண்டு. நடுவில் ஒருவர் மட்டும் விலகுவதும் எளிதல்ல: வீட்டுக்காரர் சம்மதித்து ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேரும் சேர்ந்துதான் வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கு மூன்று மாத அவகாசம். காகிதத்தில், பேனாக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் செல்லாது.

நட்பை நான் சந்தேகப்படவில்லை. நீங்கள் படிக்கப்போகும் படிப்பின் இயல்பைச் சொல்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் ஒருவருக்கு வோல்ஃப்ஸ்புர்க்கில் இன்டர்ன்ஷிப் கிடைக்கும், இன்னொருவர் ஆய்வேட்டுக்காக ஷ்டுட்கார்ட் போவார். அது சந்தோஷமான செய்திதான். ஆனால் அவருடைய அறை ஆறு மாதம் ஆளில்லாமல் கிடந்து, அவர் பங்கும் வராமல் போனால், மீதி மூவருக்கும் ஆளுக்கு 534 யூரோ கூடுதல் சுமை. ஆகவே வெளியூர் போகிறவர்தான் தன் அறைக்குத் தற்காலிக ஆளைப் பிடிக்க வேண்டும், ஆள் வரும்வரை தன் பங்கைக் கட்ட வேண்டும் என்று குடிபுகும் முன்பே ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்திடுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

இரண்டாவது வகையில் ஒருவர் மட்டும் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போடுவார். மற்றவர்கள் அவரிடம் உள்வாடகைக்கு இருப்பார்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் சீனியர்கள் வீட்டில் அறை காலியானால் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். இதில் வீட்டுக்காரரின் அனுமதி கட்டாயம். அனுமதிக் கடிதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். ‘அண்ணா, பதிவுக்குத் தேவைப்படுது, ஒரு காப்பி அனுப்புங்க’ என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறுபக்கம், நீங்களே அந்த ஒருவராக முன்வருவதாக இருந்தால் யோசியுங்கள்: மற்ற மூவரும் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் தேதி முழு வாடகையும் உங்கள் கணக்கிலிருந்து போகும்.

மூன்றாவது, அறைக்கு ஓர் ஒப்பந்தம். மாணவர் விடுதிகளின் பகிர்வு வீடுகள் இப்படித்தான். சமையலறை பொது, பொறுப்பு தனித்தனி. பக்கத்து அறைக்காரர் வாடகை கட்டாவிட்டால் அது உங்கள் தலையில் விழாது. மொழியும் சட்டமும் தெரியாத முதல் வருடத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. நண்பர்கள் அதே விடுதியிலோ பக்கத்துக் கட்டடத்திலோ இருந்தால் சேர்ந்து சமைப்பதற்கும் தடை இல்லை.

வானொலி-தொலைக்காட்சிக் கட்டணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாமலே வீணாகும் பணம் அது. டிவி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு ஒரு கட்டணம்; ஆளுக்கு ஒன்று அல்ல. ஆனால் முகவரி பதிந்த ஒவ்வொருவருக்கும் கடிதம் வரும். பயந்துபோய் நாலு பேரும் கட்டத் தொடங்கிவிடுவார்கள், அல்லது நாலு பேரும் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரண்டுமே தவறு. ஒருவர் கட்டுங்கள், மற்ற மூவரும் பதில் படிவத்தில் அவர் பெயரையும் கட்டண எண்ணையும் எழுதி அனுப்புங்கள். வருடத்துக்கு 220 யூரோ 32 சென்ட், பங்கு போட்டால் ஆளுக்கு 55. விடுதியில் உங்கள் அறை பொது நடைபாதையிலிருந்து நேரே திறந்தால் அந்த அறையே ஒரு வீடாகக் கணக்காகும், தனிக் கட்டணம். பூட்டிய வாசற்கதவுக்குள் பல அறைகள் இருந்தால் மொத்தத்துக்கும் ஒன்று.

நண்பர்களுக்குள் மனக்கசப்பு வரும் இடம் பெரும்பாலும் வருடாந்திர ஹீட்டர் கணக்கு. மாதாமாதம் கட்டுவது முன்பணம்தான். கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் இறுதிக் கணக்கை அனுப்பலாம். ஹீட்டர் செலவில் பாதி முதல் 70 சதவீதம் வரை நீங்கள் உண்மையில் எரித்த அளவைப் பொறுத்தது. முதல் குளிர்காலத்தில் ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைத்துவிட்டு ஹீட்டரை முழுசாக ஓட விட்டால், அடுத்த வருடம் பில் வரும். அப்போது அந்த அறைக்காரர் வேறு ஊரில் இருப்பார். இதற்கு நான் சொல்லும் வழி: மாதம் ஆளுக்கு 15 யூரோ பொதுவில் போட்டு வையுங்கள். யாராவது குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் மின் மீட்டரையும் ஹீட்டர்களின் அளவிகளையும் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள்.

நம் சமையலால் வரும் ஒரு செலவையும் சொல்லிவிடுகிறேன். குக்கர் ஆவி, கொதிக்கும் சாம்பார், அறைக்குள் காயும் துணி எல்லாம் சேர்ந்து குளிர்காலத்தில் சுவரில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அட்வான்ஸில் பணம் பிடிக்க அது போதும். காலையிலும் சமைத்து முடித்ததும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் காற்றோட விடுங்கள், அந்த நேரம் ஹீட்டரை அணைத்து வையுங்கள். இது ஜெர்மானியர்கள் எல்லோரும் செய்வதுதான்.

சாப்பாட்டில் எல்லாவற்றையும் பொதுவாக்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், மசாலா, பாத்திரம் கழுவும் திரவம் பொதுவில் இருக்கட்டும். கறி, நொறுக்கு, குளிர்பானம் அவரவர் செலவு. சைவம், அசைவம், மாட்டிறைச்சி பற்றி முதல் வாரமே வெளிப்படையாகப் பேசி, தேவையானால் சட்டி ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள். பேசாமல் விட்டால்தான் பிரச்சினை. பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகளில் மூட்டை அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் வரும், அதைப் பொதுப் பணத்தில் சேருங்கள். கணக்கு எழுத ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலி போதும், ஆனால் மாதக் கடைசியில் கணக்கை முடித்து பூஜ்யமாக்கும் பழக்கம் வேண்டும்.

பங்கு போட முடியாதவையும் உண்டு. மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 150 யூரோ அளவில், அது ஆளுக்கு ஆள். அதோடு, நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு ஒன்று ஒவ்வொருவரும் எடுங்கள். வருடத்துக்குச் சில பத்து யூரோக்கள்தான். கட்டடத்தின் சாவி ஒன்று தொலைந்தால் முழுப் பூட்டு அமைப்பையும் மாற்றும் செலவு உங்கள் மேல் வரலாம், அது ஆயிரக்கணக்கில் போகும். சாவி தொலைவதும் சேருகிறதா என்று பார்த்து எடுங்கள். 992-இல் மருத்துவக் காப்பீடும் வாடகைப் பங்கும் போக 550 முதல் 575 வரை நிற்கும். செமஸ்டர் கட்டணத்துக்கும் அதிலிருந்துதான் மாதாமாதம் ஒதுக்க வேண்டும். வீட்டில் சமைப்பவருக்கு இது போதும், தாராளம் இல்லை. முதல் இரண்டு மாதமே பகுதிநேர வேலை கிடைத்துவிடும் என்று நம்பி வீடு எடுக்க வேண்டாம்.

இப்போது, கோவையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது: மாணவர் விடுதிகளை நடத்தும் அமைப்பான மக்டெபுர்க் ஸ்டூடென்டன்வெர்க்கின் இணையதளத்தில் நாலு பேரும் தனித்தனியாக இன்றே விடுதிக்கு விண்ணப்பியுங்கள். வரிசை நீளமாக இருக்கும். இடம் வரத் தாமதமானால் வேகே-கெஸுக்ட் தளத்தில் இரண்டு, மூன்று மாதத்துக்கான சாமானோடு கூடிய தற்காலிக அறை தேடுங்கள், பதிவுச் சான்று தருவார்களா என்று முதல் செய்தியிலேயே கேளுங்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று வந்தால் அது மோசடி. நேரில் போக முடியாவிட்டால் அங்கே படிக்கும் ஒரு சீனியரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அறையைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.