மழலைக்குப் பொருளின் பெயர் எப்படிப் படிகிறது? கேள்வி பதில்

கேள்வி: பதினாறு மாத மகள் ஆடு, மாடு எல்லாவற்றையும் 'நாய்' என்கிறாள். தப்பாகவே பழகிவிடுவாளோ?

மாட்டாள், அம்மா. வாயில் வரும் நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டுதான் கண்ணில் படும் அத்தனையையும் அழைக்கிறாள். படங்களைப் பரப்பி "மாடு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், இந்த வயதில் பல குழந்தைகள் சரியாகத் தொட்டுவிடுவார்கள். புரிவது முந்தும், பேச்சு பிந்தும். அதட்டித் திருத்தாமல், "மாடு! கொம்பைப் பார்" என்று சொன்னால் போதும்.

கேள்வி: தினமும் பட அட்டைகளைக் காட்டிச் சொல்லித் தருகிறேன். ஒன்றரை வயது மகனுக்கு ஒன்றுமே ஏறவில்லை. ஏன்?

நீங்கள் பெயரைச் சொல்லும்போது அவன் கண் எங்கே இருக்கிறது? எனக்கு அதுதான் முக்கியம். சென் யூ, லிண்டா ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் குழந்தைகளின் நெற்றியில் சிறு கேமராவைக் கட்டி விளையாட விட்டார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தை பொருளைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுவரும்போது மற்றதெல்லாம் மறைந்து, அது ஒன்றே பார்வையை நிறைக்கிறது. அந்த நேரத்தில் காதில் விழுந்த பெயர்தான் நன்றாகத் தங்கியது.

அவன் டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது "இங்கே பார், யானை" என்றால் யானையும் போயிற்று, மூடியும் போயிற்று. அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். "மூடி. மூடியைத் திருகுகிறாயா? அட, மூடி கழன்றுவிட்டது!" அவன் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பான். நீங்களும் அதைத்தான் பார்க்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்கிறான்.

கேள்வி: இரண்டு வயதுப் பேத்தி புதுப் பெயரைக் கேட்டதும் சரியான பொருளை எடுத்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில் மறுபடி கேட்டால் விழிக்கிறாள். மறதியா, ஐயா?

மறதி இல்லை, அது இன்னும் மனதில் பதியவே இல்லை. எதிரில் இருந்த மற்றவை, பந்தும் கரண்டியும் போல, அவளுக்கு ஏற்கெனவே தெரியும், ஆகவே தெரியாத பெயர் தெரியாத பொருளுக்கு என்று கழித்துக் கண்டுபிடித்தாள். அதுவே பெரிய கெட்டிக்காரத்தனம்தான். பதிவதற்கு அதே பெயர் வேறு வேறு நாட்களில், வேறு வேறு இடங்களில் அவள் காதில் விழ வேண்டும்.

கேள்வி: வீட்டில் இரண்டு மொழி. குழம்புவானா?

குழம்பமாட்டான். சொற்களை எண்ணும்போது மட்டும் இரு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்.

கேள்வி: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை என்றாலும், இரண்டு வயதில் 50 சொற்கள்கூட இல்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.