ரயில் வாராவாரம் அதே இடத்தில் நிற்கிறது, என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் மாலையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி மாடல் ரயில் கட்டுகிறோம். ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு), 12 அடிக்கு 4 அடி மேசை, சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர். ஆளுக்கொரு வேலை எடுத்திருக்கிறோம். ஒருவர் பனைமரம் செய்கிறார், ஒருவர் ஸ்டேஷன் கட்டுகிறார், ஒருவர் நீலகிரி மலை ரயில் பெட்டி செய்கிறார். எல்லாம் முடிந்து ரயிலை ஓட்டினால் நாலைந்து இடத்தில் நின்றுவிடுகிறது. விரலால் தள்ள வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தைத் துடைத்தால் அன்றைக்குச் சரியாகிறது, அடுத்த வாரம் பழையபடிதான். போன வாரம் இரண்டு பேர் வரவேயில்லை. எந்த வேலையை முதலில் எடுப்பது? மலை ரயில் பெட்டி இதே தண்டவாளத்தில் ஓடுமா?

பதில்: அந்த இரண்டு பேர் வராமல் போனதுதான் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது. ரயில் ஓடாத கிளப்பில் ஆள் தங்காது. அதனால் அடுத்த மூன்று நான்கு ஞாயிறுகளுக்கு எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே வேலையை எடுங்கள்: மின்சாரம் தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டும். மரமும் ஸ்டேஷனும் காத்திருக்கட்டும். செய்கிறவர்கள் தனித் தட்டில் செய்து வைத்துக்கொள்ளலாம்; பிறகு எடுத்து மேசையில் வைத்தால் போதும்.

துடைத்தால் ஒரு நாள் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல தடயம் அது. உங்கள் ரயில் இரண்டு இடத்தில் மின்னழுத்தத்தை இழக்கிறது. ஒன்று, சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் படியும் அழுக்கு. மற்றது, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட். துடைத்ததும் முதல் இழப்பு குறைகிறது, எஞ்சின் எப்படியோ சமாளித்துவிடுகிறது. இரண்டாவது இழப்பு அப்படியே இருப்பதால், கொஞ்சம் அழுக்கு சேர்ந்ததும் மறுபடி நிற்கிறது. தளர்ந்து கறுத்த ஒரு ஃபிஷ்பிளேட்டில் 1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து இணைப்பைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் 10 ஓம் ஆகிவிடும். எஞ்சின் 0.4 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட்டில் 4 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

இதை மல்டிமீட்டரால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சுமை இல்லாதபோது எங்கே தொட்டாலும் 12 வோல்ட்தான் காட்டும். அதனால் டூவீலர் ஸ்பேர் கடையில் 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று வாங்குங்கள். அது ஏறக்குறைய 0.4 ஆம்பியர் எடுக்கும், ஒரு சின்ன எஞ்சினுக்குச் சமம். மேசையிலிருந்து எஞ்சின்களையெல்லாம் எடுத்துவிட்டு, பல்பின் இரண்டு வயரையும் முதலைக் கிளிப்பால் இரண்டு தண்டவாளத்திலும் மாட்டி, கன்ட்ரோலரை மெல்லத் திருகி முழுதாக வையுங்கள். சட்டென்று திருகினால், குளிர்ந்த பல்பு முதல் நொடியில் அதிகம் இழுப்பதால் கன்ட்ரோலர் தன்னையே நிறுத்திக்கொள்ளலாம். பல்பு சூடேறும், தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கட்டைகள் மேல் படாமல் பிடியுங்கள். கன்ட்ரோலர் அருகில் மீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, பல்பையும் மீட்டரையும் துண்டு துண்டாக நகர்த்துங்கள். எங்கே 1 வோல்ட்டுக்கு மேல் குறைகிறதோ அங்கே மேசை ஓரத்தில் சாக்பீஸ் கோடு. ஒருவர் பல்பு, ஒருவர் மீட்டர், ஒருவர் நோட்டு. ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். ரயில் நிற்கும் இடங்களில் பாதிக்கு மேல் அந்தக் கோடுகளோடு ஒத்துப்போவதைப் பார்ப்பீர்கள்.

மருந்து எளிது, ஆனால் பொறுமை வேண்டும். மேசைக்கு அடியில் சுற்றிலும் 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், ஓட வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய ஒற்றைக் கம்பி வயர் ஒரு ஜோடி இறங்கி அதில் சேர வேண்டும். வெளித் தண்டவாளம் எப்போதும் சிவப்பு, உள் தண்டவாளம் எப்போதும் கறுப்பு என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இறங்கும் வயர் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கட்டும். ஃபிஷ்பிளேட்டை நம்பவே வேண்டாம். அது துண்டுகளை நேராக நிறுத்தி வைத்தால் போதும்.

சால்டர் வைப்பதில்தான் பலர் கட்டைகளை உருக்கிவிடுகிறார்கள். 25 வாட் அயர்ன் தண்டவாளத்துக்குப் போதாது. நெடுநேரம் வைத்துக்கொண்டிருப்போம், அதற்குள் சூடு பரவிவிடும். 50, 60 வாட் எடுங்கள். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைத் தீட்டி மினுமினுப்பாக்கி, ரோசின் பேஸ்ட் துளி தடவி, தண்டவாளத்துக்குத் தனியாக, வயர் நுனிக்குத் தனியாக ஈயம் பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து அயர்னை இரண்டு மூன்று நொடி வைத்தால் ஈயம் பளிச்சென்று ஓடிப் படியும். உடனே எடுத்துவிடுங்கள். இரு பக்கமும் ஈரத்துணி வைத்தால் கட்டைகள் தப்பும். உள்பக்கத்தில் ஈயம் நிற்கக் கூடாது, சக்கர விளிம்பு ஏறிக் குதிக்கும். தகரம் பற்றவைக்கும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். சில மாதத்தில் வயரையே அரித்துவிடும்.

மாடி என்பதால் இன்னொன்று. ஒரு மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். எல்லா இணைப்பையும் இறுக்கி வைத்தால் சித்திரை வெயிலில் தண்டவாளம் வளைந்து எழும். நேர்த் தடங்களில் துண்டுகளுக்கிடையே விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். வயர் தனித்தனியாக இறங்குவதால் அந்த இடைவெளியால் மின்சாரத்துக்குக் கேடில்லை.

இதெல்லாம் முடிந்தும் பாதை பிரியும் பாயிண்ட்டில் மட்டும் நின்றால், அங்கே தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங் முனையைப் பாருங்கள். மாடல்காரர்கள் ஃப்ராக் என்பது அதைத்தான். அது பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த நீளத்துக்கு மின்சாரம் இல்லை. நான்கு சக்கர ஷன்டிங் எஞ்சின் அங்கே திணறும், நீளமான எஞ்சின் தாண்டிவிடும். உலோக முனை உள்ள பாயிண்ட்டாக மாற்றினால் தீரும். ஆனால் முனைக்குப் பின்னால் உள்பக்கத் தண்டவாளம் இரண்டிலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் போட்டு, பாயிண்ட் திரும்பும்போது முனையின் துருவமும் மாறும்படி ஒரு மைக்ரோ சுவிட்ச் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். முதலில் ஒரே ஒரு பாயிண்ட்டில் செய்து பாருங்கள்.

சரளை கடைசி வேலை. எங்கள் முதல் மேசையில் அழகுக்காக முதலில் சரளை ஒட்டிவிட்டு, பிறகு வயர் இறக்கத் துளை போட இடமில்லாமல் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தோம். இரண்டு மாத ஞாயிறு அதிலேயே போனது. நிஜப் பாதையில் 65 மில்லிமீட்டர் வரை வரும் ஜல்லி ஹெச்ஓவில் முக்கால் மில்லிமீட்டர்தான். மணலைச் சலித்து எடுக்கலாம். சலித்த மணலில் கட்டாயம் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். நம் ஆற்று மணலிலும் கடல் மணலிலும் கறுப்பாகக் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்; ஓடும் எஞ்சின் அந்தத் துகளை இழுத்துக்கொண்டால் மோட்டார் போய்விடும்.

துடைப்பதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுத் துணியும் போதும். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். எஞ்சின் சக்கரத்தையும் மறக்காதீர்கள். நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்கள் துணியிலும் மறுமுனைச் சக்கரங்கள் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்துச் சுழலவிட்டால் துணியில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் போகும் வரை தொடருங்கள்.

மலை ரயில் பெட்டிக்கு வருவோம். உங்கள் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர். 1:87 அளவில் அது 1435 மில்லிமீட்டர் பாதையைக் குறிக்கும். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லிமீட்டர் அகலம். அதே அளவில் 11.5 வர வேண்டும், கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் தண்டவாளம். நண்பர் பெட்டியை 1:60 அளவில் கட்டினால் இதே 16.5-இல் மீட்டர் கேஜ் ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஹெச்ஓ பெட்டியைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். அவருக்கென்று ஒரு தனிப் பலகையில் கல்லாறு ஸ்டேஷன் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து குன்னூர் வரை 12-க்கு 1 வரையான ஏற்றத்தில் பல்சக்கரத்தால்தான் ஏறுகிறார்கள். உங்கள் மேசையில் பல்தண்டவாளம் இல்லாத எஞ்சினுக்கு 40-க்கு 1 என்பதைத் தாண்டாதீர்கள்.

வயரெல்லாம் முடிந்து ஒரே ஒரு எஞ்சின் மட்டும் பாயிண்ட்டில் குதித்தால் தண்டவாளத்தைக் கிண்டாதீர்கள். அந்த எஞ்சினைக் கவிழ்த்து, இரு சக்கரங்களின் உள்முதுகுகளுக்கு நடுவே காலிப்பர் வைத்துப் பாருங்கள். ஹெச்ஓவுக்கு 14.4 மில்லிமீட்டர் சுற்றி இருக்க வேண்டும். 14-க்கு வந்திருந்தால் சக்கரத்தை அச்சில் மெல்லத் திருகி வெளியே இழுங்கள்.