மகன் புத்தகத்தில் அம்மா படிக்கலாமா?

நூற்பாலை ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 43, பி.காம். தொழிலாளர் வருகைக் கணக்கு நாளுக்கு ஒரு ஃபைலாக மாதம் 26 ஃபைல் வரும். அவற்றை எக்செல்லில் ஒட்டி ஓவர்டைம் கூட்டுவதற்குள் இரண்டு நாள் போய்விடுகிறது. பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் மகன், "பைத்தான் படிம்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்கிறான். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழியாம். இந்த வயதில் வருமா? அவன் புத்தகமே போதுமா? (வாசகி, ராஜபாளையம்)

வரும். அவனைவிட உங்களுக்குச் சீக்கிரமே வரும் என்று நினைக்கிறேன். அவன் கையில் பாடம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மேஜையிலோ 26 ஃபைல் கிடக்கிறது.

பாலிடெக்னிக்கில் 22 வருடம் பாடம் எடுத்தவன் நான். அந்தக் காலத்தில் சி என்ற இன்னொரு கம்ப்யூட்டர் மொழியில்தான் ஆரம்பிப்போம். மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். திரையில் 'வணக்கம்' என்று வரவைக்கவே நாலைந்து வரி எழுத வேண்டும். அந்த வரிகள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால், "இப்போதைக்கு அப்படியே எழுது, அடுத்த செமஸ்டரில் புரியும்" என்பேன். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதைத் தேடியே பீரியட் முடிந்த நாட்கள் உண்டு. பைத்தானில் அதே வேலைக்கு ஒரே வரி போதும். அந்த ஒரு வரியில் புரியாதது என்று எதுவும் இருக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அரசுப் பாடநூல் தாராளமாகப் போதும், ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். ஆரம்பப் பாடங்கள் கோட்பாடு. தேர்வு எழுதாதவருக்குத் தூக்கம்தான் வரும். பைத்தான் அறிமுகப் பாடத்தில் தொடங்கி, 'இஃப்' (நிபந்தனை பார்ப்பது), 'ஃபார்' (திரும்பத் திரும்பச் செய்வது) இரண்டும் கைக்கு வந்ததும் சிஎஸ்வி ஃபைல் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சாதாரண எழுத்து ஃபைல்) பற்றிய பாடத்துக்குத் தாவிவிடுங்கள். உங்கள் எக்செல் ஷீட்டை சிஎஸ்வியாகச் சேமிக்கலாம். பைத்தான் இலவசம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் அப்புறம் இன்டர்நெட்கூட வேண்டாம்.

முதல் நாளே 26 ஃபைலையும் திறக்க வேண்டாம். ஒரு ஃபைல், ஒரு தொழிலாளி, அவருடைய மணிக்கணக்கு மட்டும் திரையில் வரட்டும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும்: எட்டு மணி நேரத்தோடு எட்டு மணி நேரத்தைக் கூட்டினால் 88 என்று வரும். பயப்படாதீர்கள். சிஎஸ்வியிலிருந்து வருவதையெல்லாம் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைக்கும். எண்ணாக மாற்றிக் கூட்டச் சொன்னால் 16 வந்துவிடும்.

இன்னொன்று, பைசாக் கணக்கில் நான் பட்டது. எங்கள் குடியிருப்பில் 48 வீடு. தண்ணீர் லாரிச் செலவைப் பிரிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். வரவும் செலவும் சரியாக இருந்தும் 'கணக்கு இடிக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பொருளாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயம் இதுதான்: 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால் பத்தில் ஒன்று அதற்குள் முழுசாக அடங்காது. சி, ஜாவாவிலும் இதே கதைதான். அன்றிலிருந்து ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணிலேயே கூட்டுகிறேன். கூலிப் பட்டியல் போடும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் இரண்டு மாதம் பழைய முறையிலும் கூட்டி ஒத்துப்பாருங்கள்.

சி படிக்காமல் நேராகப் பைத்தான் படித்தால் அடித்தளம் ஆட்டம் காணும் என்கிறார் என் சீனியர். உண்மையா? (முதலாண்டு மாணவர், திண்டுக்கல்)

பாதி உண்மை, தம்பி. நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போய்ச் சின்னச் சின்ன போர்டுகளில் சென்சார் இணைக்கப்போகிறீர்கள் என்றால் சி இல்லாமல் நெடுந்தூரம் போக முடியாது. நினைவகத்தில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை சி மூஞ்சியில் அடித்த மாதிரி காட்டும், பைத்தான் மறைத்துவிடும். வேகத்திலும் சிதான் முந்தும். நாம் எல்லோரும் பயன்படுத்தும் பைத்தானே சியில் எழுதப்பட்டதுதான். பெரிய கணக்குகளுக்கு உதவும் நம்பை என்ற நூலகத்திலும் (யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பாரம் தூக்குவது உள்ளே இருக்கும் சிதான். ஆனால் எது முதலில் என்ற கேள்விக்கு என் பதில் பைத்தான். சைக்கிள் பழகுகிறவனுக்குச் செயின் மாட்டும் வேலையை முதல் நாளே கொடுக்க வேண்டுமா? இரண்டாவது வருடம் சி படியுங்கள், சீனியர் சமாதானமாகிவிடுவார்.

பைத்தான் வீடியோவைப் பார்த்து அப்படியே டைப் செய்தேன். திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் என்ற முதல் வரியிலேயே எரர்! (வாசகர், கடலூர்)

பழைய வீடியோ. பைத்தான் 2 இல் பிரிண்டுக்கு அடைப்புக்குறி தேவையில்லை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இல் கட்டாயம். 2020 ஜனவரி 1 உடன் பழையதற்கான ஆதரவும் நின்றுபோனது. வேறு வீடியோ பாருங்கள்.

பைத்தான் என்றால் மலைப்பாம்பு. பாம்புக்கும் இந்த மொழிக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, தஞ்சாவூர்)

ஒன்றும் இல்லை. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக இதை எழுதத் தொடங்கிய நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம், பிபிசியின் மான்டி பைத்தான் நகைச்சுவைத் தொடருக்கு ரசிகர். பெயர் அங்கிருந்து வந்ததுதான். பாம்புப் படம் போட்டது பிறகு.

தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறேன். பைத்தான் தமிழைப் புரிந்துகொள்ளுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

ஐயா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பைத்தான் 3 இல் மாறிகளுக்கே (மதிப்பைப் போட்டுவைக்கும் இடங்கள்) 'வரவு', 'செலவு' என்று தமிழில் பெயர் வைக்கலாம். பட்டியலை வரிசைப்படுத்துவது, தேடுவது எல்லாம் செய்யலாம். ஆனால் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டுப்பாருங்கள். மூன்று என்று நீங்கள் ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பைத்தான் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாவற்றையும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடு தனித்தனியாக எண்ணுவதால் வரும் குழப்பம் இது. எழுத்தெழுத்தாகச் சரியாகப் பிரிக்க 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நூலகம் இருக்கிறது, அது மூன்று என்றே சொல்லும்.

பெயர்ப் பட்டியலில் இதைவிடப் பெரிய தொல்லை 'கோபால்' மாதிரிப் பெயர்கள். 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தானுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். தேடினால் ஒருவர் கிடைப்பார், இன்னொருவர் கிடைக்க மாட்டார். பைத்தானோடு வரும் 'யூனிகோடுடேட்டா' என்ற தொகுப்பில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வழி உண்டு. பட்டியலைத் திறந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிட்டு, அப்புறம் கோபாலைத் தேடுங்கள்.