கதாநாயகன் அலறினால் என்ன?

கேள்வி: 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' முதல் பாகம் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. அந்த ஆசையில் இரண்டாம் பாகமும் பார்த்தேன். பெருத்த ஏமாற்றம். கதாநாயகன் படம் முழுக்கப் பெண்பிள்ளை மாதிரி அலறிக்கொண்டே இருக்கிறான். அன்றைக்கே எல்லாரும் காறித் துப்பிய, ஓடாத படம் இது. இப்போது சிலர் திடீரென்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களே, ஏன்? மூன்றாம் பாகமாவது பார்க்கலாமா?
— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: முதலில் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். ஓடாத படம் என்கிறீர்கள். 1985 நவம்பர் 1ஆம் தேதி வெளியான அந்தப் படத்தை எடுக்க ஆன செலவு சுமார் 30 லட்சம் டாலர். அமெரிக்காவில் வசூலானது ஏறக்குறைய 3 கோடி டாலர். முதல் பாகம் அங்கே வசூலித்தது 2.5 கோடியை ஒட்டித்தான். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த படத்தைவிட இது நன்றாகவே ஓடியிருக்கிறது. இந்தப் படங்களைத் தயாரித்த நியூ லைன் சினிமாவை, படத்தின் கொலைகாரன் பெயரை வைத்து 'ஃப்ரெடி கட்டிய வீடு' என்று ஹாலிவுட்டில் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு மாடி எழுப்பியதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. ஜனங்கள் திட்டினார்கள், திட்டிக்கொண்டே டிக்கெட்டும் வாங்கினார்கள்.

திட்டியதில் நியாயம் இல்லையா என்றால், இருக்கிறது. ஃப்ரெடி க்ரூகர் கனவில் வருகிறவன். தூங்கினால் சாவு, விழித்திருந்தால் தப்பிக்கலாம். முதல் பாகத்தின் பயம் முழுக்க அந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் அவன் நீச்சல் குளத்து விருந்துக்குள் நேரே நடந்து வந்து, முழித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை வெட்டுகிறான். முதல் பாகத்தை எடுத்த வெஸ் க்ரேவன் இந்தக் கதை பிடிக்காமல்தான் விலகிக்கொண்டார்; ஜாக் ஷோல்டர் இயக்கினார். வீட்டுக் கூண்டில் இருக்கும் குருவி திடீரென்று தீப்பிடித்து வெடிக்கும் காட்சியையும், கடைசியில் மனித முகத்தோடு வரும் நாய்களையும் நான் காப்பாற்ற முயலப் போவதில்லை. காசை மிச்சம் பிடிக்க, முதல் பாகத்தில் ஃப்ரெடியாக நடித்த ராபர்ட் இங்லண்டை விட்டுவிட்டு வேறு ஒருவருக்கு ஃப்ரெடி வேஷம் போட்டுப் பார்த்தார்கள். அவர் நடந்த நடையைப் பார்த்துப் பயந்துபோய் இங்லண்டையே திரும்பக் கூப்பிட்டார்கள். இதையெல்லாம் சொல்லி நீங்கள் குறைபட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

ஆனால் நீங்கள் எழுதியது அதுவல்ல. கதாநாயகன் 'பெண்பிள்ளை மாதிரி' அலறுகிறான் என்பதுதான் உங்கள் முதல் புகார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

கத்தியோடு ஒருவன் துரத்த, இளசுகள் ஒவ்வொருவராகச் சாகும் இந்த வகைப் படங்களில் அலறல்தான் மூலதனம். 1960இல் 'சைக்கோ'வின் குளியலறையில் ஜேனட் லீ அலறினார். 1978இல் 'ஹாலோவீன்' படத்தில் அவர் மகள் ஜேமி லீ கர்டிஸ் அலறினார். மகளுக்கு அதனால் கிடைத்த பட்டம் 'ஸ்க்ரீம் க்வீன்', அலறல் ராணி. பாராட்டாகக் கொடுத்த பட்டம்தான் அது. எல்லாரும் செத்த பிறகு மிஞ்சி நின்று கொலைகாரனை எதிர்க்கிற பெண்ணுக்கு, 'ஃபைனல் கேர்ள்' என்று கேரல் குளோவர் என்ற பேராசிரியை 1987இல் ஒரு கட்டுரையில் பெயரே வைத்தார். ஆண்கள் இந்தப் படங்களில் சட்டென்று செத்துப்போவார்கள். பெண்ணின் பயத்தைத்தான் கேமரா நிதானமாக, அணு அணுவாகக் காட்டும். அவள் எவ்வளவு நேரம் அலறினாலும் யாருக்கும் காது வலித்ததில்லை. முதல் பாகத்தில் கதாநாயகி நான்சி அலறியபோது உங்களுக்கும் வலிக்கவில்லை. அதை ரசித்துத்தானே இரண்டு ராத்திரி முழித்துக் கிடந்தீர்கள்?

இரண்டாம் பாகம் அந்த இடத்தில் ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தியது. நான்சி இருந்த அதே வீட்டுக்கு ஜெஸ்ஸியின் குடும்பம் குடிவருகிறது. ஃப்ரெடிக்கு இந்தப் பையனைக் கொல்லும் எண்ணம் இல்லை. அவன் உடம்பு வேண்டும், அவன் கையால் கொலை செய்ய வேண்டும். தனக்குள் இன்னொருத்தன் வளர்கிறான், அவன் எப்போது வெளியே வருவான் என்று தெரியவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அந்தப் பையன் அலறாமல் வேறு என்ன செய்வான்?

ஒரு காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஜெஸ்ஸி ராத்திரியில் நண்பன் கிரேடியின் அறைக்கு ஓடி வருகிறான். இங்கேயே படுத்துக்கொள்கிறேன், நான் தூங்கும்போது என்னைப் பார்த்துக்கொள் என்று கெஞ்சுகிறான். கிரேடி கண்ணசந்துவிடுகிறான். ஜெஸ்ஸியின் கை முதலில் மாறுகிறது. விரல் நுனிகளைப் பிளந்துகொண்டு கத்திகள் முளைக்கின்றன. அவன் வலியில் வாயைத் திறக்கும்போது கேமரா கிட்டே போகிறது. தொண்டைக்குள், நாக்குக்குப் பின்னால், ஒரு கண் இருக்கிறது. அது நம்மைப் பார்க்கிறது. அப்புறம் அவன் வயிற்றுத் தோலைக் கிழித்துக்கொண்டு ஃப்ரெடி வெளியே வருகிறான். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கைக்கு வராத காலம். ரப்பரும் பொம்மை உடம்புமாக மார்க் ஷாஸ்ட்ரமும் அவர் ஆட்களும் கையால் செய்த வேலை இது. ஆனால் அந்த ரப்பருக்கு உயிர் கொடுப்பது அந்தக் குரல். கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு வீரமாக நின்றிருந்தால், அங்கே வெறும் ரப்பர்தான் கிழிந்திருக்கும்.

அந்தக் குரல் மார்க் பேட்டனுடையது. மிசௌரியிலிருந்து நியூயார்க்குக்கு நடிக்க வந்தவர். 1982இல் பிராட்வே மேடையிலும், அதே ஆண்டு ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய படத்திலும் ஷெர் போன்றவர்களோடு நடித்திருந்தார். கதாநாயகனாகக் கிடைத்த பெரிய வாய்ப்பு இதுதான். அவர் தன்பால் ஈர்ப்பு உள்ளவர். அன்றைய ஹாலிவுட்டில் அது வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்பதால் மறைத்து வாழ்ந்தவர்.

படம் வந்த நேரத்தையும் பாருங்கள். 1985 ஜூலையில் பிரபல ஹாலிவுட் நடிகர் ராக் ஹட்சனுக்கு எய்ட்ஸ் என்ற செய்தி வெளியானது. அக்டோபர் 2ஆம் தேதி அவர் இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து இந்தப் படம் திரைக்கு வந்தது. ஒரு நடிகனின் நடையையும் குரலையும் வைத்து, 'இவன் அவனோ?' என்று ஊரே துருவிய நாட்கள் அவை. அப்போது பார்த்தவர்கள் சொன்ன கருத்து படத்தைப் பற்றியது மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? அலறுகிறான், ஆடுகிறான், ஆம்பிளையாக இல்லை என்று அவர்கள் சொன்னதெல்லாம் அந்த மனிதரைப் பற்றி.

இத்தனைக்கும் அவர் தன் இஷ்டத்துக்கு நடித்துவிடவில்லை. ஜெஸ்ஸி ராத்திரியில் போய்ச் சேரும் அந்த மதுக்கூடம், அங்கே தோலுடையில் நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியர், குளியலறையில் அவர் கைகள் கட்டப்பட்டுச் சாகும் காட்சி எல்லாம் படத்தின் கதையிலேயே இருப்பவை. தன்னை விரும்பும் பெண்ணை விட்டுவிட்டு ஜெஸ்ஸி நண்பனின் அறைக்கு ஓடுவதும் அப்படித்தான். அவன் அறைக் கதவில் பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லும் பலகையைத் தொங்கவிட்டது செட் போட்டவர்கள். இயக்குநர் ஷோல்டரோ, ஜெஸ்ஸி தன்பால் ஈர்ப்பு உள்ளவன் என்று ஒரு அர்த்தம் வருவதே அப்போது தனக்குத் தெரியாது என்று சொல்லிவந்திருக்கிறார். கதை எழுதிய டேவிட் சாஸ்கின் பல வருஷம் கையை விரித்தார். நான் அப்படி எழுதவில்லை, நடிகர் நடித்த விதத்தால் அப்படித் தெரிகிறது என்கிற தொனியில் பேசினார். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன் என்று அவர் ஒப்புக்கொண்டது 2010இல் வந்த 'நெவர் ஸ்லீப் அகெய்ன்' ஆவணப்படத்தில். இருபத்தைந்து வருஷம்! அதற்குள் பேட்டன் நடிப்பை விட்டே போய்விட்டார். எச்.ஐ.வி. தொற்றோடு போராடி, மெக்சிகோவில் போய்க் குடியேறி, யார் கண்ணிலும் படாமல் இருந்தார்.

எழுத்தாளர் எழுதினார், தயாரிப்பாளர் காசு பார்த்தார், இயக்குநருக்கு அடுத்த படம் கிடைத்தது. திரையில் முகம் காட்டியவர் ஒருவர்தான் பழியைச் சுமந்தார். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நானும் இந்தப் படத்தை முதலில் பார்த்தது கேசட்டில்தான். லீவு நாளில் டெக் வாடகைக்கு எடுத்து, தெருப் பையன்கள் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தோம். ஜெஸ்ஸி அலறியதும் ஒருவன் எழுந்து நின்று, இடுப்பை ஒடித்துக்கொண்டு அதே மாதிரி அலறிக் காட்டினான். விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கப்புறம் அந்தத் தெருவில் மெல்லிய குரலுள்ள பையன் ஒருவனை, லீவு முடியும்வரை அந்த அலறலைப் போட்டுத்தான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். அவன் எங்களோடு விளையாட வருவதை நிறுத்திவிட்டான். 'பெண்பிள்ளை மாதிரி' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள்.

ஏன் இப்போது கொண்டாடுகிறார்கள் என்று கேட்டீர்கள். அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்களில் எல்லாரும் சிரிக்கவில்லை என்பதுதான் காரணம். தனக்குள் இருப்பதை வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல முடியாமல் தவித்த பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். உள்ளே இருப்பவன் வெளியே வந்தால் எல்லாம் நாசமாகிவிடும் என்று நடுங்கும் ஜெஸ்ஸியை அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் அப்போது வாய் திறக்கவில்லை. சிரித்தவர்களின் கருத்து மட்டுமே எழுத்தில் ஏறியது. வளர்ந்து, பேசத் துணிந்த பிறகு அவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது. திடீரென்று எதுவும் வரவில்லை.

ஆவணப்படம் எடுத்தவர்கள் தேடிப் பிடித்த பிறகுதான் பேட்டன் திரும்பி வந்தார். ரசிகர் கூட்டங்களுக்குப் போனார். அவர் கதையையே மையமாக வைத்து 2019இல் 'ஸ்க்ரீம், க்வீன்!' என்ற ஆவணப்படம் வந்தது. ஜேமி லீ கர்டிஸுக்குக் கொடுத்த அதே பட்டத்தை, நடுவில் ஒரு காற்புள்ளி போட்டு இவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அலறு, ராணி! அதில் அவர் சாஸ்கினை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஃப்ரெடி வரும் எந்தக் காட்சியைவிடவும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அதைத்தான்.

சரி, மூன்றாம் பாகம். பாருங்கள், உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். 1987இல் வந்தது, வெஸ் க்ரேவன் திரைக்கதை எழுதத் திரும்பி வந்தார், சக் ரஸல் இயக்கினார். கனவுக்குள்தான் ஃப்ரெடி என்ற விதியும் திரும்ப வந்தது. வசூல் 4 கோடி டாலரைத் தாண்டியது. நான்சி வளர்ந்து பெரியவளாகி, கெட்ட கனவு காணும் பிள்ளைகளுக்கு உதவ வருகிறாள். எல்ம் ஸ்ட்ரீட்டின் அந்த வீடும் வருகிறது. அதில் ஜெஸ்ஸி என்று ஒரு பையன் குடியிருந்ததாகப் பேச்சே இல்லை.