குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் முதல் பிறந்தநாளைத் தள்ளி வைக்கலாமா?

31 வாரத்தில் பிறந்த மகளுக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது, அவள் இன்னும் பிடிமானம் இல்லாமல் நிற்கவில்லை, விழாவை இரண்டு மாதம் தள்ளி வைத்தால் உறவினர்களின் கேள்விகளிலிருந்து தப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளி வைக்காதீர்கள். இந்த யோசனை உங்களுக்கே தோன்றியிருக்காது, வீட்டில் மூத்தவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். எங்கள் வீட்டில் என் நாத்தனார் சொன்னார். நான் மருத்துவர் அல்லேன், 30 வாரத்தில் பிறந்த ஒரு பையனின் தாய், அவ்வளவே. 'உங்கள் அனுபவம் எல்லாருக்கும் பொருந்துமா' என்று பின்னூட்டத்தில் கேட்க வருபவர்கள், பொருந்தாது என்று நானே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

என் மகன் பிறந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கற்கண்டு கொடுக்கவில்லை. எனக்கு இரத்த அழுத்தம் கூடிக்கொண்டே போனதால் அவசரமாக அறுவை செய்து எடுத்த குழந்தை; எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. அவனை நான் முதலில் பார்த்ததே கணவரின் கைபேசியில்தான். செய்தி கேட்டவர்கள் 'தாய் நலமா' என்று விசாரித்துவிட்டு, குழந்தையைப் பற்றிக் கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, எனக்கே என்ன சொல்வதென்று தெரியாத நேரம் அது. பெயர் சூட்டுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவனைச் சூடாக வைத்திருந்த வார்மர் என்னும் படுக்கைக் கருவியின் அட்டையில் 'பேபி ஆஃப்' என்று எழுதி அதன்பின் என் பெயர்தான் இருந்தது.

பிழிந்து கொடுத்த பாலை முதலில் குழாய் வழியாகவும், விழுங்கும் திறன் வந்தபின் பாலாடையாலும் புகட்டினார்கள். மூக்கு நீண்ட அந்தச் சிறு எவர்சில்வர் பாலாடையைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, அவன் நாக்கை நீட்டும் வரை பொறுத்திருந்து, ஒரு மடக்கு உள்ளே போனதும் உடனே நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டால் புரையேறி உதடு நீலம் பாரிக்கும், தலைமாட்டில் இருக்கும் கருவி அலறத் தொடங்கும். பிறகு மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு, ஒரு மாதம் முடிவதற்குள் செய்தாக வேண்டிய விழித்திரைப் பரிசோதனை என்று நாள்கள் ஓடின. ஒரு குழந்தை பிறந்தால் வீடு செய்ய வேண்டியவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் செய்யவில்லை. முதல் பிறந்தநாள்தான் அந்தப் பாக்கியைத் தீர்க்கக் கிடைத்த நாள் என்பதால், அதையும் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

'தை மாதம் பிறக்க வேண்டிய பிள்ளை, தையிலேயே வைத்துக்கொண்டால் அதற்குள் நடந்துவிடுவான்' என்று நாத்தனார் சொன்னபோது, நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். என் மாமியார் முந்திக்கொண்டார். "குறைமாசம்னு ஜாதகத்தைத் தள்ளி எழுதச் சொன்னோமா? பொறந்த நேரத்துக்குத்தானேடி எழுதினோம்?" என்று மகளைக் கேட்டார். அதற்குமேல் பேச்சே எழவில்லை. கார்த்திகை மாதத்து ரோகிணியன்று வீட்டிலேயே ஆண்டுநிறைவை நடத்தினோம். கேட்க வேண்டியவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, தவழ்ந்து வந்த பையனைப் பார்த்து, தன் பேத்தி பத்து மாதத்திலேயே ஓடியதைச் சொன்னார்.

அவரிடம் நான் சொன்ன கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன். நிறைமாதம் என்பது 40 வாரம். என் மகன் 10 வாரம் முந்திப் பிறந்தவன். ஆகவே முதல் பிறந்தநாளன்று அவனுடைய வளர்ச்சியை ஒன்பதரை மாதக் குழந்தையின் வளர்ச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். இதைத் திருத்திய வயது என்பார்கள். பொதுவாக இரண்டு வயது வரை இப்படிக் கணக்கிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு 9 வாரத்தைக் கழித்தால் ஏறத்தாழ பத்து மாதம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, குழந்தைகள் துணையின்றி நிற்பது ஏறத்தாழ 7 முதல் 17 மாதங்களுக்குள்ளும், தனியாக நடப்பது 8 முதல் பதினேழரை மாதங்களுக்குள்ளும் நிகழ்கிறது. நிறைமாதக் குழந்தைகளுக்கே இவ்வளவு அகலமான எல்லை இருக்கும்போது உங்கள் மகள் நிற்பதில் பின்தங்கிவிடவில்லை. இந்தத் திருத்தம் வளர்ச்சிக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசியைப் பிறந்த தேதியை வைத்துத்தான் போடுவார்கள்.

கணக்கு என்றதும் என் பழைய கோபம் ஒன்றும் எழுகிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. அதில் பெரும்பகுதி எனக்கு மருத்துவமனை வராந்தாவிலேயே கழிந்தது. குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் குன்றிய தாய்க்கு மேலும் ஒரு மாதம் வரை ஊதிய விடுப்பு உண்டு என்று அப்போது நடப்பிலிருந்த அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு சொன்னது. நான் வேலை பார்த்த இடத்தின் மனிதவளப் பிரிவினர் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தார்கள்; சட்டப் பக்கத்தை அச்செடுத்து மருத்துவச் சான்றோடு மேசையில் வைத்த பிறகே இறங்கி வந்தார்கள். இது நீங்கள் கேட்காத விஷயம்தான். ஆனால் குழந்தை எப்போது பிறந்தாலும் விடுப்பு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது, வளர்ச்சியை விசாரிப்பவர்களும் அன்றிலிருந்தே எண்ணுகிறார்கள், நடுவில் மாட்டிக்கொள்பவள் தாய்தான்.

கூட்டத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. திருத்திய வயதைக் கணக்கில் எடுத்த பிறகும் அவள் உட்காரவில்லை என்றாலோ, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறாள், ஒலி வரும் பக்கம் திரும்புவதில்லை என்றாலோ, விழா முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லை, நிற்காததுதான் கவலை என்றால், அழைப்பிதழில் அவள் பிறந்த தேதியையே அச்சிடுங்கள்.