எத்ரெத்தா: மோனேயின் அஸ்தமனத்தை ஜூனில் தேடாதீர்கள்

கேள்வி: ஜூனில் பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். நார்மண்டிக் கடலோரத்தில் இருக்கும் எத்ரெத்தா பாறைகளை, பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஓவியத்தில் இருப்பதுபோல் சூரியன் மறையும் நேரத்தில் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?

பதில்: போய்வரலாம், ஆனால் அந்த அஸ்தமனம் கிடைக்காது. வட கரோலினா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியம் 1883 பிப்ரவரி 5 மாலைக் காட்சி என்று வானியலாளர்கள் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். குளிர்காலத்தில்தான் சூரியன் தென்மேற்கே, அவால் என்ற பாறை வளைவின் பக்கம் இறங்கும். ஜூனில் வெகுதூரம் வடக்கே தள்ளி, வெறும் கடலில், இரவு 10 மணி வாக்கில் மறையும். அதுவரை நின்றால் பஸ், ரயிலை நம்பி அன்றே பாரிஸ் திரும்ப முடியாது.

ஜூனுக்குக் காலைதான் சரி. கிழக்கு வெயில் அவால் பாறையின் முகத்தில் நேராக விழும். வெள்ளைச் சுண்ணாம்புக்கு நடுவே வரிவரியாக ஓடும் கரிய சிக்கிமுக்கிக் கல்கூடத் தெரியும். மாலையில் எதிர்வெயில், பாறை கறுத்துவிடும். சான் லாசார் நிலையத்திலிருந்து லு ஆவ்ருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். ஆகவே முதல் ரயிலைப் பிடியுங்கள்.

அடுத்தது கடல். 1885 நவம்பரில் பாறையடியில் வரைந்துகொண்டிருந்த மோனே, கடல் வற்றுகிறது என்று நம்பி உட்கார்ந்திருந்தார். உண்மையில் ஏறிக்கொண்டிருந்தது, அலை அவரைப் பாறையில் மோதி, சாமான்களோடு புரட்டிப்போட்டது. கடல்நீரின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் சில அச்சு அட்டவணைகளில், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பாறையடிக்கு இறங்க அனுமதி உண்டா என்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். உண்டென்றால், நீர் முழுதாக வற்றுமுன் போய், வற்றிய உடனே திரும்பிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் வேகமாக ஏறும்.

வயதானவர்கள் இருந்தால் மேலே நடப்பதே மேல். அவால் உச்சிப் பாதையில் சற்றுத் தள்ளிப் போனால், மோனே திரும்பத் திரும்ப வரைந்த மான்போர்த் என்ற பெரிய வளைவு தெரியும். பல இடங்களில் வேலி இல்லை. சுண்ணாம்பு விளிம்புக்கு அடியில் அரித்துப் போயிருக்கும், மேலே நிற்பவருக்கு அது தெரியாது. படத்துக்காக ஓரத்துக்குப் போகாதீர்கள்.

கரை முழுக்க உருண்டைக் கல். செருப்பு வழுக்கும், கெட்டியான ஷூ வேண்டும். அந்தக் கற்களில் ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள். அலையின் வேகத்தைத் தாங்குபவை அவை, எடுத்தால் அபராதம்.