ஓட்டல் படிப்புக்கு மகளை அனுப்பலாமா? பாலக்கோடு அம்மாவுக்கு ஒரு பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. ஓட்டல் மேலாண்மைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பாவோ, "பொண்ண எச்சில் தட்டு எடுக்கவா படிக்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ராத்திரி வேலை, வெளியூர் வாசம், நாளை கல்யாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது என்று அம்மாவுக்குத் தனிக் கவலைகள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் பலருக்கும் இதே தயக்கம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா, முதலில் அப்பாவின் கேள்விக்கே வருகிறேன். ஆமாம், உங்கள் மகள் தட்டு எடுப்பாள். மெத்தை விரிப்பாள், குளியலறை தேய்ப்பாள், வெங்காயம் நறுக்குவாள். வரவேற்பு, அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறுதல், சமையல் ஆகிய நான்கும்தான் இந்தப் படிப்பின் அடித்தளம். நான்கையும் கையால் செய்து பழகாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. இதை மறைத்து, "கோட் சூட் போட்டு ஏசியில் உட்காரும் வேலை" என்று சொல்லி எந்தக் கல்லூரியாவது சேர்க்கை நடத்தினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஓர் அறையைச் சுத்தம் செய்ய எத்தனை நிமிடம் ஆகும் என்று கைக்குத் தெரியாதவர், நாளைக்கு மேனேஜராகி ஒரு பணியாளருக்கு ஒரு ஷிப்டில் எத்தனை அறை கொடுக்கலாம் என்று தீர்மானிக்க முடியாது. பதினான்கு அறை கொடுக்க வேண்டிய இடத்தில் இருபது கொடுப்பார். தலையணை உறை மாற்றப்படாது, வடிகாலில் முடி கிடக்கும், விருந்தினர் போட்டோ எடுத்து இணையத்தில் போடுவார். அதற்குத் திட்டு வாங்குவது அந்தப் பணியாளர். தப்பு மேனேஜருடையது.

விருந்தினரைக் கவனிப்பது என்றால் சிரித்த முகமும் கைகூப்பலும் என்றுதான் வெளியில் நினைக்கிறோம். சிரிப்பு வேண்டும்தான், ஆனால் அது கடைசியில் வருகிற சமாச்சாரம். பெங்களூரிலிருந்து மதுரைக்குக் காரில் போகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் நெரிசல். கிருஷ்ணகிரி வந்து சேரும்போது இரவு பதினொன்றரை. கைக்குழந்தை அழுகிறது, பாட்டிக்கு மூட்டுவலி. அறையை ஆன்லைனில் பதிவு செய்து பணமும் கட்டியாகிவிட்டது. ரிசப்ஷனில் இருப்பவர் பெயரைக் கேட்டு, அடையாள அட்டையின் நகலை வாங்கி, இரண்டு நிமிடத்தில் சாவியைக் கொடுக்கிறார். பாட்டி இருப்பதைப் பார்த்து, மாடி அறையை மாற்றித் தரைத்தள அறை தருகிறார். கிச்சன் மூடிவிட்டாலும் குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுக்க ஆள் இருக்கிறது. காலை ஐந்தரைக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது.

இதில் எதுவும் தானாக நடக்காது. தரைத்தளத்தில் ஓர் அறையைக் கடைசி வரை விற்காமல் வைத்திருக்க ஒருவர் மாலையிலேயே முடிவெடுத்திருக்கிறார். இரவில் பால் இருக்க வேண்டும் என்று கொள்முதல் பட்டியலில் எழுதியவர் ஒருவர். கீசரைச் சரிபார்க்கும் வேலையை ராத்திரி ஷிப்ட் குறிப்பேட்டில் சேர்த்தவர் ஒருவர். விருந்தினர் வாசலுக்கு வரும் முன்பே அவருக்கு வேண்டியதை யோசித்து, ஆளையும் பொருளையும் நேரத்தையும் ஒழுங்கு செய்து வைப்பதுதான் மேலாண்மை. உங்கள் மகள் படிக்கப் போவது அதைத்தான்.

குறை சொல்லி வருகிறவரைக் கையாள்வது இதில் பாதிப் படிப்பு. ஏசி ஓடவில்லை என்று ஒருவர் கத்துகிறார். "மேனேஜர் வரட்டும் சார், சொல்றேன்" என்று பதில் வந்தால் அந்த வாடிக்கையாளர் அத்தோடு போனார். முழுதாகக் கேட்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, மன்னிப்புக் கேட்க வேண்டும், உடனே வேறு அறை தர வேண்டும், அரை மணி கழித்து "இப்ப பரவாயில்லையா சார்?" என்று போன் செய்து கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் போனைத்தான் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுகிறார்கள். ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்களில் சாதாரண ஊழியர்கூட ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமலே செலவிடலாம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. நம்மூர் லாட்ஜுக்கு அவ்வளவு வேண்டாம். ரிசப்ஷனில் நிற்கும் பெண்ணுக்கு, "ஐந்நூறு ரூபாய் வரை நீயே முடிவெடு, காலைச் சிற்றுண்டியைக் கணக்கில் சேர்க்காதே, அறையை மாற்றிக் கொடு" என்று உரிமை கொடுத்தாலே போதும், பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். முதலாளிகள் இதைச் செய்யத் தயங்குவதுதான் எனக்கு வருத்தம். ஊழியரை நம்பாத இடத்தில் விருந்தினரை எப்படி நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்?

மகள் வணிகவியல் படிப்பது நல்லதற்குத்தான், இங்கே கணக்கும் இருக்கிறது. 40 அறை உள்ள ஓர் ஓட்டலில் ஒரு நாள் 30 அறை, சராசரி வாடகை 2,000 ரூபாய் என்றால் வருமானம் 60,000. காலியாக இருந்த பத்தையும் சேர்த்து 40 அறைக்கும் வகுத்தால், அறைக்கு 1,500. மறுநாள் வாடகையை 1,500 ஆகக் குறைத்து 36 அறையை நிரப்புகிறார்கள். பார்ப்பதற்கு ஓட்டல் நிறைந்த மாதிரி இருக்கும். வருமானம் 54,000, அறைக்கு 1,350தான். ஆறு அறைக்குக் கூடுதல் சலவை, சோப்பு, தண்ணீர், மின்சாரம் வேறு. கூட்டத்தைப் பார்த்து மயங்காமல் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரைத்தான் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைப்பார்கள்.

அப்புறம், "இதற்கெல்லாம் சென்னை, துபாய்க்குத்தானே போகணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. கிருஷ்ணகிரியில்தான் சென்னையிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 48உம், ஓசூரிலிருந்து தர்மபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் போகும் 44உம் சந்திக்கின்றன. ராத்திரி பகல் இல்லாமல் வண்டி ஓடுகிற இடம். ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று தொழிற்சாலைகள். அவற்றுக்கு வரும் பொறியாளர்களும் வெளிநாட்டு நிபுணர்களும் தங்க அறை வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆளுக்கு ஓசூரில் மதிப்பு உண்டு.

ஒகேனக்கல் கதை வேறு. ஓசூரில் வார நாளில் கூட்டம், சனி ஞாயிறு வெறிச்சோடும். ஒகேனக்கல்லில் நேர் எதிர். அங்கே ஓட்டல் நடத்துகிறவர் கர்நாடக அணைகளில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று தினமும் பார்க்க வேண்டும். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போட்டுவிடும். சனிக்கிழமைக்கு அறை பதிவு செய்தவருக்கு வெள்ளிக்கிழமையே போன் போட்டு, "தடை இருக்குங்க, வேண்டுமானால் தேதி மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் ஓட்டலுக்கு அவர் அடுத்த முறையும் வருவார். பெண்ணாகரம் தாண்டி அருவி வரைக்கும் குடும்பத்தோடு வந்த பிறகு தெரிந்துகொண்டவர் வர மாட்டார்.

நம்மூர்ப் பிள்ளைகளிடம் இருக்கும் ஒரு பலத்தை அவர்களே உணர்வதில்லை. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்கிறார்கள். மூன்று மொழியில் விருந்தினரிடம் பேசத் தெரிந்தவரை நேர்முகத் தேர்வில் சுலபமாகக் கழிக்க மாட்டார்கள். ஆங்கிலம்தான் கூச்சம். அதை இப்போதிருந்தே தினமும் பேசிப் பழகச் சொல்லுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, எங்கே படிப்பது? தேசிய ஓட்டல் மேலாண்மை கவுன்சிலின் கீழ் உள்ள அரசு நிறுவனங்களைத்தான் முதலில் பாருங்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கமான பெங்களூரிலும் ஒன்று உண்டு. மூன்று வருட பி.எஸ்சி. பட்டம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் வழங்குவது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணக்கு, தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம் ஆகியவற்றோடு, சேவைத் துறைக்கு மனம் ஒத்துவருமா என்று பார்க்கும் கேள்விகளும் வரும். பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும், பிளஸ் டூ நடக்கும்போதே போட வேண்டும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தரமணியில் படிக்கத் தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) உதவுகிறது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துப் பிள்ளைகள் யாரேனும் இதைப் படித்தால் தர்மபுரி தாட்கோ அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் சமையல் பயிற்சிக்கூடத்தை நேரில் போய்ப் பாருங்கள். அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே சமைக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாம் புதுசு போலப் பளபளத்தால் அது விளம்பரப் படத்துக்காக வைத்தது. "நூறு சதவீத வேலை, சொகுசுக் கப்பலில் லட்சம் சம்பளம்" என்று சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் மிகவும் கவனம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். கப்பல் வேலை என்றால் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ராத்திரி வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதை நான் ஒதுக்க மாட்டேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் குழு இருக்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் முன், குழுவில் யார் இருக்கிறார்கள், இரவு ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா, பெண்களுக்குத் தங்கும் இடம் எங்கே என்று மூன்றையும் மகளே கேட்கட்டும். நல்ல ஓட்டல் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. சுளித்தால் வேறு ஓட்டல் பாருங்கள்.

முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடம் நின்றுகொண்டே வேலை, தீபாவளி பொங்கலுக்கு லீவு கிடைக்காது, ஊரெல்லாம் கொண்டாடும்போதுதான் இங்கே வேலை அதிகம். அதற்குப் பிறகு சூப்பர்வைசர், உதவி மேனேஜர் என்று ஏறுவது உழைப்பையும் பேச்சையும் பொறுத்தது. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த முதல் வருடங்களில்தான் போகிறார்கள். ஆகவே தேர்வு முடிந்த விடுமுறையில், தெரிந்தவர் நடத்தும் ஓட்டல் ஏதாவது இருந்தால் இரண்டு வாரம் ரிசப்ஷனில் நிற்கச் சொல்லுங்கள். தன்மேல் தப்பே இல்லாதபோது ஓர் அந்நியர் கத்தினால், அன்று மாலை வீட்டுக்கு வந்து அதைப் பற்றி எப்படிப் பேசுகிறாள் என்று கவனியுங்கள். "அந்த ஆளுக்கு என்ன பிரச்சினைன்னா..." என்று ஆரம்பித்தால் தாராளமாக அனுப்பலாம். "நான் ஏன் இதெல்லாம் கேட்கணும்?" என்றால் அதுவும் தப்பில்லை, பி.காம் படிக்கட்டும். கணக்குப் பிரிவு வழியாகவும் இதே துறைக்குள் பிறகு வரலாம்.

கடைசியாக, கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று. நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பு என்றால், பள்ளியில் கொடுத்த மாநிலச் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். வருமான விவரங்கள் கேட்பார்கள், கைக்கு வர நாளாகும். இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.